வாளிக்குக் கீழே நின்றவர்

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த வெள்ளைக்காரரை ராயபுரத்தில் எல்லோரும் தொரை என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் எந்தக் காலத்திலும் யாருக்கும் துரையாக இருந்ததில்லை. யுத்தத்தின்போது பட்டாளத்துக்காரர்களுக்கு நாடகம் போட இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு கம்பெனியில் அவர் நடிகர். மெட்ராஸில் இறங்கிய வாரமே விஷக்காய்ச்சல் கண்டு படுத்துவிட்டாராம். கம்பெனி அவரை ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டுக் கல்கத்தாவுக்கு ரயில் ஏறிவிட்டது. அந்த வார்டில் நர்ஸாக இருந்த டெய்சி அக்கா கஞ்சி ஊட்டிப் பிழைக்க வைத்தார். தொரை அவரையே கல்யாணம் செய்துகொண்டு எங்கள் தெருவுக்கு வந்துவிட்டார்.

இது அவர் சொல்லும் கதைகளில் ஒன்று. காய்ச்சலே இல்லை, கப்பலைத் தவறவிட்டேன் என்று இன்னொரு நாள் சொல்வார். கம்பெனி முதலாளியை அடித்துவிட்டு ஓடிவந்தேன் என்பார் வேறொரு நாள். மூன்றையும் கண் கலங்கச் சொல்வார். எதுதான் நிஜம் என்று டெய்சி அக்காவிடம் கேட்டால், "எது ஒனக்கு நல்லா கீதோ அத்த வச்சிக்கோ ஸ்டெல்லா" என்பார்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. டெய்சி அக்கா ஒருவர்தான் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்.

நான் அப்போது துறைமுகத்துக்கு அருகில் கப்பல் சரக்குகளுக்கான ஒரு கிளியரிங் ஆபீசில் டைப்பிஸ்ட். அப்பா ஹார்பரில் கிரேன் ஓட்டினார். கீழே நாங்கள், மேலே அவர்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. முன்னறையில் ஒரு கண்ணாடி அலமாரி முழுக்கக் கோப்பைகள். ரயில்வே இன்ஸ்டிட்யூட் ஆங்கில நாடகப் போட்டியில் வருஷா வருஷம் சிறந்த நடிகர். வெள்ளைக்காரர்கள் கிளப் கொடுத்த தங்க முலாம் பூசிய பதக்கம். இருபது வயதில் சொந்த ஊரில் வாங்கியதாகச் சொன்ன ஒரு வெண்கலப் பொம்மை. யாராவது போனால் அந்தக் கோப்பைகளில்தான் டீ தருவார். எழுத்துப் பொறித்த பக்கம் நம்மைப் பார்க்க இருக்கும்படி திருப்பி வைப்பார். "வெள்ளி நாத்தம் கொமட்டுது" என்று அம்மா ஒரு தடவையோடு மேலே டீ குடிப்பதை விட்டுவிட்டாள்.

தமிழை அவர் எங்கள் தெருவில்தான் கற்றுக்கொண்டார். "இன்னா ஸ்டெல்லாம்மா, நாஸ்டா ஆச்சா?" என்று அந்தச் சிவந்த முகத்திலிருந்து வரும்போது புதிதாகப் பார்ப்பவர்கள் சிரித்துவிடுவார்கள். அவர் சிரிக்கமாட்டார். சிரிக்கிறவர்கள் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். மனிதர்களின் முகம் எந்த நொடியில் எப்படி மாறுகிறது என்பதைத் தவிர அவருக்கு உலகத்தில் வேறு அக்கறை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அதை நான் முதலில் புரிந்துகொண்டது ஒரு மத்தியானம். எனக்கு அன்று லீவு. வெளியே போயிருந்த தொரை மூச்சிரைக்க ஓடிவந்து எங்கள் வாசலில் நின்றார். சட்டைப் பொத்தான்கள் கழன்று கிடந்தன. "ஆர்பர்ல... ஸ்டெல்லா அப்பாவுக்கு..." என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அதற்கு மேல் அவருக்கு வார்த்தை வரவில்லை. கையைத் தூக்கினார், இறக்கினார். அம்மா கையிலிருந்த முறத்தோடு அப்படியே சரிந்து விழுந்தாள். நான் அலறிக்கொண்டு ஓடித் தூக்கினேன். தொரை மெல்ல நிமிர்ந்தார். இரைப்பு நின்றுபோயிருந்தது.

"நம்புனீங்களா?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் இன்ஸ்டிட்யூட்டில் ஒரு நாடகம். போர்க்களத்திலிருந்து ஓடிவந்து சாவுச் செய்தி சொல்கிறவன் வேஷம் அவருக்கு. முழுதாகச் சொன்னால் ஜனங்கள் நம்புகிறார்களா, பாதியில் நிறுத்தினால் நம்புகிறார்களா என்று பார்த்தாராம். சாயங்காலம் வந்த அப்பா விஷயம் தெரிந்து அடிக்கிற வேகத்தில் மாடி ஏறினார். கொஞ்ச நேரத்தில் சத்தமில்லாமல் இறங்கி வந்தார். தொரை அவர் காலைப் பிடித்து அழுதாராம்.

"மெய்யாலுமே அழுதாரா?" என்று அம்மா கேட்டாள்.

"எனுக்கு இன்னா தெரியும்?" என்றார் அப்பா.

அந்த நாடகத்துக்கும் அவருக்குக் கோப்பை கிடைத்தது.

தவக்காலத்தில் எங்கள் மாதா கோயில் மைதானத்தில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகம் நடக்கும். இயேசுவுக்குத் தண்டனை விதிக்கும் ரோமானிய ஆளுநர் பிலாத்து வேஷத்துக்கு வெள்ளைக்காரர் ஒருவர் தெருவிலேயே இருக்கும்போது சாமியார் வேறு ஆளைத் தேடுவாரா? ஒரு வருஷம் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் தொரை பேசாமல் நின்றுவிட்டார். மறந்துவிட்டார் என்று நினைத்துத் திரைக்குப் பின்னாலிருந்து வசனத்தை எடுத்துக் கொடுத்தார்கள். அவர் மறக்கவில்லை. கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். கைக்குழந்தைகள்கூட அழவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த காசிமேட்டு மீன்காரம்மா ஒருத்திக்குப் பொறுக்கவில்லை. "அடப் பாவி, சொல்லித் தொலடா!" என்று கத்தித் தன் சும்மாட்டுத் துணியைச் சுருட்டி அவர் முகத்தில் எறிந்தாள். மீன் வாடையடித்த அந்தத் துணியைத் தொரை வீட்டுக்கு எடுத்துவந்து, கண்ணாடி அலமாரியில், கோப்பைகளுக்கு மேல் தட்டில் வைத்தார். டெய்சி அக்கா தூக்கிப் போட்டபோது குப்பையைக் கிளறித் திரும்ப எடுத்துவந்தார். தனக்குக் கிடைத்ததிலேயே பெரிய பரிசு அதுதான் என்றார்.

சினிமாவிலும் நடித்தார். கலெக்டர், கேப்டன், ஜெயில் அதிகாரி. செம்பட்டை மீசையும் தொப்பியுமாக வந்து கதாநாயகனைத் தூக்கில் போடச் சொல்லிவிட்டுப் போவார். ரசிகர் மன்றம் ஒன்று அதற்காகக் கேடயமெல்லாம் கொடுத்தது. மீசையை எடுத்துவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்க்கிறவனுக்குக்கூட அடையாளம் தெரியாது என்பதில் அவருக்குப் பெருமை. எழுபதுகளில் அதுவும் குறைந்தது. வெள்ளைக்காரனைச் சுட்டுச் சுட்டுச் சினிமாக்காரர்களுக்கே அலுத்துவிட்டதோ என்னவோ. இன்ஸ்டிட்யூட்டில் ஆங்கில நாடகம் பார்த்துக்கொண்டிருந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டன. தொரை மாடியில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்துகொண்டிருப்பார். கீழே எங்கள் உத்தரத்தில் அந்தக் காலடி கேட்டுக்கொண்டே இருக்கும். வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் யாருமில்லாத அறையில் யாருடனாவது பேசிக்கொண்டிருந்தார்.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நாங்கள் திரும்பியபோது, தெருவை அடைத்துக்கொண்டு ஒரு கார் நின்றது. திருவொற்றியூரில் இரும்பை உருக்கி வார்க்கும் ஆலை ஒன்றின் மேனேஜர் வந்திருந்தார். நகரத்தில் ஆங்கில நாடகச் சங்கம் ஒன்றுக்கு அவர்தான் தலைவராம். தொரையின் முப்பது வருஷத்து நடிப்புக்கு ஒரு பாராட்டு விழா எடுக்கப் போவதாகச் சொன்னார். போகும்போது, அதற்கு முன்னால் ஒரு சின்ன உதவி என்று ஏதோ மெல்லப் பேசினார்.

அன்றிலிருந்து தொரைக்கு இருபது வயது குறைந்துவிட்டது. பெட்டியிலிருந்து கோட்டை எடுத்து வெயிலில் போட்டார். தெருவெல்லாம் அந்துருண்டை வாசனை. என்னைப் பிடித்து நிறுத்தி, "உங்க ஆபீசுக்குப் பெரிய ஆளுங்க வெளிநாட்லேந்து வந்தா எப்டி நிப்பாங்க? கை குடுப்பாங்களா?" என்று கேட்டார்.

"குடுக்க மாட்டாங்க. தலைய மட்டும் ஆட்டுவாங்க. இன்னா நாடகம், தொரை?"

"ஓப்பன் ஏர்" என்றார். "டிக்கெட் கெடையாது."

ஒரு புதன்கிழமை கார் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. திரும்பி வந்தபோது முகம் பளபளவென்றிருந்தது. அம்மாவுக்குக்கூட மேலிருந்து ஒரு வணக்கம் போட்டார்.

அடுத்த வாரம் அந்த ஆலையில் விபத்து நடந்தது. உருக்கிய இரும்பைத் தூக்கிக்கொண்டு போகும் பெரிய வாளி, சங்கிலி அறுந்து விழுந்தது. டெய்சி அக்கா வேலை பார்த்த வார்டுக்குத்தான் எல்லோரையும் கொண்டுவந்தார்கள். அன்று வேலைக்குப் போன அக்கா மறுநாள் காலைதான் வீட்டுக்கு வந்தார். மாடி ஏறாமல் எங்கள் முற்றத்திலேயே நின்று புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தொரை கைலியோடு பாதிப் படி இறங்கி வந்தார்.

"மேல வாயேன் டெய்சி. டீ போட்டு வச்சிக்கீறேன்."

"மேல வந்தா நீ நடிப்ப. இங்க, இவங்க முன்னாடி சொல்லு. அன்னிக்கு கோட்டு மாட்டிகினு எங்க போன?"

"சின்ன ரோலு."

"இன்னா ரோலு?"

"லண்டன்லேந்து வந்த கம்பெனி டைரக்டர்."

டெய்சி அக்கா கண்ணை மூடித் திறந்தார். "சங்கிலி சரியில்ல, புச்சு மாட்டினாத்தான் வேல செய்வோம்னு ஆளுங்க வெளிய குந்திகினு இருந்தாங்களாம். லண்டன் டைரக்டர் கார்ல வந்து, எல்லாம் டெஸ்ட் பண்ணியாச்சு, பயப்படாதீங்கன்னாராம். அப்பால அவரே போயி வாளிக்குக் கீழ நின்னு சிகரெட்டு பத்த வச்சாராம். தொரையே நிக்கிறாரு, நமக்கு இன்னான்னு அத்தினி பேரும் உள்ள போயிட்டாங்க. கஜான்னு ஒர்த்தன் சொன்னான். தோள்லேந்து வெரல் வரைக்கும் அவனுக்குத் தோல் இல்ல. அவனாவது பேசுறான். மூணு பேரு செத்துட்டாங்க."

அடுப்பில் சோறு பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அம்மா அதைப் பார்க்கவில்லை. நாங்கள் எல்லோரும் தொரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் உதடு ஒரு முறை அசைந்தது.

"அப்ப, அவன் நம்புனானா?" என்றார்.

கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்பது அவர் காதில் விழுந்தது என்று நினைக்கிறேன். படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அதைப் பெருமையில் கேட்டாரா, நடுக்கத்தில் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பிற்பாடு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அந்த ஆட்கள் சோம்பேறிகள், சங்கிலி ஒரு சாக்கு என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். சங்கிலியைப் பற்றி இவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பேச்சை மட்டும்தான் கொடுத்திருந்தார்கள். பேசிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான். வேஷம் கையை விட்டுப் போகிறது என்று இவருக்குத் தோன்றியது. உடனே யாரும் சொல்லாமல் தானாகவே நடந்துபோய் வாளிக்குக் கீழே நின்றார்.

"காலி வாளிக்குக் கீழ எவன் வோணா நிப்பான், தொரை" என்றார் அப்பா.

மறுநாளே தொரை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். லண்டனிலிருந்து அப்படி யாரும் வரவே இல்லை, ஆட்கள் எவனோ ஒரு இன்ஜினியரைப் பார்த்துவிட்டு உளறுகிறார்கள் என்று ஆலையில் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். ஸ்டேஷனில் அவருக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்து, நடித்த படங்களைப் பற்றி விசாரித்து அனுப்பிவிட்டார்கள்.

பாராட்டு விழா தேதி வந்தது. போகக்கூடாது என்றார் டெய்சி அக்கா. "அங்க பேசுனா அத்தினி பேரும் கேப்பாங்க. அந்தாளும் அங்கதான் குந்திகினு இருப்பான்" என்றார் தொரை. டெய்சி அக்கா வரவில்லை. அப்பாவும் நானும் கூடப் போனோம்.

பெரிய மண்டபம். பட்டுப் புடவைகள், கோட்டுகள். மேடை நடுவில் மேனேஜர். சந்தன மாலை, சால்வை, வெள்ளிக் கேடயம். ஒவ்வொருவராக எழுந்து தொரையின் நாடகங்களையும் கோப்பைகளையும் வரிசையாகச் சொல்லிப் புகழ்ந்தார்கள். கடைசியில் தொரை மைக்கைத் தள்ளிவிட்டு மேடை முனைக்கு வந்தார். இங்கிலீஷில் பேசினார். ஆலையைச் சொன்னார், சங்கிலியைச் சொன்னார், தன்னைக் கூட்டிப்போனது யார் என்று சொல்லிக் கையை நீட்டினார். செத்துப்போன மூன்று பேரின் பெயரையும் நாக்கு புரளப் புரளச் சொன்னார். "நான்தான் அவர்களைக் கொன்றேன்" என்று சொல்லி முழங்காலிட்டார்.

நான் மேனேஜரைப் பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது. ஒரு கணம், எழுந்து ஓடிவிடுவார் என்றே நினைத்தேன். அவர் எழுந்தார். இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே தூக்கி, நிதானமாக, தட்டத் தொடங்கினார்.

அவ்வளவுதான். மண்டபமே எழுந்து நின்று தட்டியது. பக்கத்திலிருந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்தக் காட்சி எந்த நாடகத்தில் வருகிறது என்று என்னிடம் கேட்டாள். தொரை கையை ஆட்டி ஆட்டி மறுத்தார். கைத்தட்டல் அதிகமானது. கடைசியில் தொண்டை கிழியத் தமிழில் கத்தினார்: "மெய்யாலுமே சொல்றேன்யா! நம்புங்கோ!" அந்தத் தமிழுக்குச் சிரிப்பும் விசிலும் பறந்தன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் சொன்னது அத்தனையும் உண்மை என்று தெரிந்தவள் நான். அப்படியிருந்தும், எங்கே குரலைத் தாழ்த்துகிறார், எங்கே நிறுத்துகிறார் என்று என் மனம் கவனித்துக்கொண்டேதான் இருந்தது. எல்லாம் சரியான இடங்களில் இருந்தன.

கேடயத்தை மேடையிலேயே போட்டுவிட்டு வந்தார். சங்கத்துப் பியூன் பின்னாலேயே ஓடிவந்து, "சார் மறந்துட்டீங்களே" என்று டாக்சிக்குள் வைத்தான்.

யூனியன்காரர்கள் அவரைத் தேடி வந்து வாக்குமூலம் வாங்கிக்கொண்டு போனார்கள். வழக்கு இழுத்தது. மேனேஜர் பம்பாய்க்கு மாற்றலாகிப் போனார். ஆலையில் புதுச் சங்கிலி மாட்டினார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்த கஜாவுக்குக் கையில் கட்டுப் பிரித்துக் கட்ட வேண்டியிருந்தது. அங்கே வரிசையில் நின்று காத்துக்கிடக்க அவன் உடம்பு தாங்காது. "ராயபுரம் டேசனாண்டதான் என் வூடு. நானே கட்டி வுடறேன்" என்ற டெய்சி அக்கா, கையோடு மற்றதையும் சொல்லிவிட்டார்: "அந்த டைரக்டரு என் வூட்டுக்காரரு. இஷ்டம்னா வா." கஜா சில நாள் வரவில்லை. பிறகு ஒரு காலையில் திருவொற்றியூரிலிருந்து ரயிலேறி வந்து எங்கள் முற்றத்தில் நின்றான். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஒரு பக்கக் காது சுருங்கிப்போயிருந்தது.

டெய்சி அக்கா அவனை முக்காலியில் உட்கார வைத்து, வெந்நீரும் பஞ்சும் கொண்டுவந்து வைத்துவிட்டு, மேலே பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தொரை இறங்கி வந்தார். கஜா அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான்.

"நீதானா?"

"நான்தான்."

"அன்னிக்கு இன்னும் ஒசரமா இருந்த" என்றான் கஜா.

"முழங்கைக்குக் கீழ புடி. ஆடாம புடிக்கணும்" என்றார் டெய்சி அக்கா. தொரை குந்தி உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளிலும் அந்தக் கையை ஏந்திக்கொண்டார். வாயைத் திறந்தார். "கஜா, நான் வந்து..."

"பேசாத" என்றான் கஜா. "நீ பேசினா நான் நம்பிடுவேன்."

தொரை வாயை மூடிக்கொண்டார். டெய்சி அக்கா துணியை ஈரமாக்கி மெல்ல உரிக்கத் தொடங்கினார். ஒட்டியிருந்த இடத்தில் துணி இழுபட்டபோது கஜா போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். அம்மா காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். தொரையின் பிடி தளர்ந்தது.

"கெட்டியா புடி தொரை" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான் கஜா. "வுட்டுடாத."

மழைக்காலம் தொடங்கும்வரை கஜா ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தான். ஒவ்வொரு தடவையும் கூப்பிடுவதற்கு முன்பே தொரை இறங்கி வந்து முக்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். டெய்சி அக்கா கட்டி முடித்து, போதும் என்று சொல்லும்வரை அந்தக் கையைக் கீழே விடமாட்டார்.